மாட்டுக்குத் தைத்த பாவாடை

குத்தாலம் கடைவீதியில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் மெஹராஜ் பேகம் நான். எழில்மொழியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும், "நல்லபடியா எழுது பேகம், பெரிய மனுஷங்க பேரை எல்லாம் இழுக்காதே" என்று இரண்டு பேர் புத்தி சொல்ல வந்தார்கள். அவர்கள் வீட்டு ஜாக்கெட் துணியை வெட்டாமல் அப்படியே மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். பெரிய மனுஷர் பேரை இழுக்கத்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கு என்ன வேலை, கொக்கி தைக்காமல் பேனா பிடிப்பதற்கு?

எழில்மொழி பூம்பூம் மாட்டுக்காரர் வீட்டுப் பெண். அவர்கள் தங்களை ஆதியன் என்று சொல்லிக்கொள்வார்கள். ஊர் வாயில் மாட்டுக்காரர்தான். ஊருக்கு மேற்கே வாய்க்கால் கரையை ஒட்டிய புறம்போக்குத் திடலில், தார்ப்பாய் போட்ட குடிசைகளில் இருக்கிறார்கள். அவளுடைய அப்பா நீலமேகம், துணி போர்த்திய மாட்டைப் பிடித்துக்கொண்டு, உறுமியைத் தேய்த்துக்கொண்டு, வாசல் வாசலாக நின்று வாழ்த்துச் சொல்லிப் பிழைக்கிறவர். அந்தத் திடலிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் ஆள் எழில்தான். மயிலாடுதுறையில் பி.காம். முடித்துவிட்டு, பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலமானால் திடலில் இருக்கும் பிள்ளைகளையெல்லாம் கூட்டி உட்கார வைத்துக்கொண்டு, "கதை சொல்லுங்க" என்பாள்.

அவள் சொல்ல மாட்டாள். பிள்ளைகள் சொல்ல வேண்டும். அதுவும் ராஜா கதை, பேய்க் கதை எல்லாம் கூடாது. "உங்க வீட்ல நடந்ததைச் சொல்லு. நெசமா நடந்ததைச் சொல்லு" என்பாள். பள்ளிக்கூடத்தில் 'பூம்பூம்' என்று கூப்பிட்டால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எட்டாவதோடு நின்றுவிடுகிற பிள்ளைகள் அவை. முதலில் ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. முதலில் வாயைத் திறந்தவள் தர்ஷினி. எழிலின் சித்தப்பா மகள். ஒல்லிக்குச்சி. தொண்டை மட்டும் கோயில் மணி மாதிரி இருக்கும்.

தர்ஷினியின் கதை இதுதான். அவளுடைய மூத்த பெரியப்பா, நீலமேகத்துக்கும் அண்ணன், பிறந்தது நீடாமங்கலம் ரயில் நிலையத்தில். மாட்டோடு நடந்தே போய்க்கொண்டிருந்த இடத்தில் அவர் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. ரயிலுக்குக் காத்திருந்த பெண்கள் சுற்றி நின்று சேலையால் மறைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஜங்ஷன் என்று பேர் வைத்தார்கள். "எங்க ஜங்ஷன் பெரியப்பா பொறந்தப்ப அஞ்சு ஊரு ரயிலு நின்னு வேடிக்கை பாத்துச்சு. உங்க யாரு பொறந்தப்பவாவது ரயிலு நின்னுச்சா?" என்று அவள் முடிக்கும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பள்ளிக்கூடத்திலும் அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை யாரும் பூம்பூம் என்று கூப்பிட்டதில்லை. ஒரு கதைக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரியும் என்று நானே அப்போதுதான் பார்த்தேன்.

இந்த இடத்தில் அவர்களுடைய வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாட்டுக்காரர் வாசலில் நின்றால் கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. அது முதல் கட்டு. வீட்டுக்காரர் என்ன கொடுக்கிறாரோ, அதைத் தெரு கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. அது இரண்டாம் கட்டு. கொடுத்ததைச் சொல்லி, மாடு தலையாட்டினால்தான் வாழ்த்து முடிந்ததாகக் கணக்கு. துணி கொடுத்தால் அதை மாட்டின் மேல் போர்த்திவிடுவார்கள். யார் கொடுத்தது என்று போகிற தெருவெல்லாம் சொல்வார்கள்.

நான் வெட்டி மிஞ்சிய துணியைக் கொடுத்தால் நீலமேகம் அண்ணன், "கடைவீதி பேகம் அம்மா மிச்சத் துணி கொடுத்தாங்க, கிழியாத துணி கொடுத்தாங்க, அவங்க மிஷினு ஓடணும்!" என்பார். மாடு தலையாட்டும். எங்கள் தெருவில் ஒரு புண்ணியவதி கந்தல் சேலையைக் கொடுத்து அனுப்பினாள். அண்ணன் முகம் மாறாமல், "கிழிஞ்ச சேலை கொடுத்தாங்க, நாலு இடத்துல கிழிஞ்ச சேலை கொடுத்தாங்க, மகராசி நல்லா இருக்கணும்!" என்று தெருக்கோடி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. வழக்கம் அப்படி. மறுநாள் அந்த அம்மாள் நல்ல சேலையோடு திடலுக்கே ஓடினாள்.

இப்போது நம்முடைய பெரிய மனுஷருக்கு வருகிறேன். பேர் சாரங்கபாணி. நாலு பக்கமும் நஞ்சை, உரக்கடை, அதற்கு மேல் காவிரித் தளிர் என்று ஓர் அறக்கட்டளை. மகன் ராஜராஜன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே அவனும் சிநேகிதர்களும் சேர்ந்து, திடல் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு கொட்டகை கட்டச் சொல்லி அனுப்பினார்கள். சாரங்கபாணியும் கட்டினார், இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லும் மணலும் சுமந்தது திடல் ஜனம். சிமெண்ட் தரை, தகரக் கூரை, நான்கு பக்கமும் சுவர், இரும்புக் கதவு. அந்தத் திடலில் மழைக்கு நனையாத தரை அது ஒன்றுதான். ஐப்பசியில் குடிசைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கைப்பிள்ளைகளை அங்கேதான் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். எழிலின் கதைக்கூட்டமும் அங்கேதான் நடந்தது.

ஆவணியில் ஒரு நாள் சாரங்கபாணி என் கடைக்கு வந்தார். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். இலை இலையாய்த் தொங்கும் குட்டைப் பாவாடை, இறகு வைத்த இடுப்புப் பட்டை.

"பேகம், இதே மாதிரி தச்சுக் கொடு. ஸ்கூல் டிராமாவுக்கு. பட்டையில நம்ம அறக்கட்டளை பேரை எம்பிராய்டரி போட்டுடு."

பச்சை ரெக்சினை இலையாக வெட்டி, சாயம் போட்ட கோழி இறகை ஒட்டி, தைத்துக் கொடுத்தேன். ஏதோ பள்ளிக்கூட மேடையில் பையன்கள் காட்டுவாசி வேஷம் கட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஆள் என்னிடம் பொய் சொல்லித் தைத்து வாங்கியிருக்கிறான். அது தெரிந்ததிலிருந்து அவனை 'அவர்' என்று எழுதுவதற்கே கை கூசுகிறது. படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து ராஜராஜனின் சிநேகிதர்கள் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் தலைவாரி உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி கதை சொல்வதாக ஏற்பாடு. சாரங்கபாணி பாவாடைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து எழிலிடம் நீட்டினார். "பொண்ணுங்களை இதை மாத்திக்கிட்டு ஆடச் சொல்லு. ஆதிவாசி நடனம்."

"எங்க ஆளுங்க யாரும் இதைப் போட்டதில்லைங்கய்யா. இந்த மாதிரி ஆட்டமும் எங்ககிட்ட கிடையாது. தர்ஷினி கதை சொல்லுவா."

"வந்தவங்க போட்டோ எடுக்கணும்மா. கதையைப் போட்டோ எடுக்க முடியுமா?"

"தொடை தெரிய நிக்க மாட்டாங்கய்யா, எங்க புள்ளைங்க."

தர்ஷினி மைக்கைப் பிடித்து நீடாமங்கலம் வரைக்கும் வந்துவிட்டாள். ரயில் நிற்கப்போகிற இடத்தில் சாரங்கபாணி எழுந்து போய், அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினார். "மன்னிக்கணும். பரம்பரையா தட்டு ஏந்துற சனம். ரோட்டுல பொறந்ததைப் பெருமையா சொல்லுதுங்க. இதுங்களுக்குக் கத்தத்தான் தெரியும், பேசத் தெரியாது."

தர்ஷினி கை மைக்கைப் பிடித்த மாதிரியே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இறங்கிப் போனாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கதைக்கூட்டத்துக்கும் வருவதில்லை. யார் கேட்டாலும், "எனக்குப் பேசத் தெரியாது" என்பாள். அட பாவி மனுஷா! அந்தத் தொண்டையை அடைத்துவிட்டுப் போய் நீ எப்படி வயிறு நிறையச் சாப்பிட்டாய்?

அதோடு விட்டாரா? இரண்டு நாள் கழித்துக் கொட்டகைக்குள் யூரியா மூட்டைகளை இறக்கினார். கதவில் ஆள் தலை அளவுக்கு ஒரு பூட்டுத் தொங்கியது. எழில் போய்க் கேட்டதற்கு, "டிரஸ் போட்டு ஆடுறன்னைக்குத் தொறக்கறேன்" என்றார். அவள் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தாள். கட்டடம் அறக்கட்டளையுடையது, நாங்கள் என்ன செய்வது என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. திடல் குளமானது. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தி, அதன் மேல் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். எதிரே இரும்புக் கதவுக்குப் பின்னால் யூரியா சுகமாய்ப் படுத்திருந்தது. ஒரு கைப்பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டது. அன்று எழில் நனைந்தபடி என் கடையில் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, எனக்கு அந்தச் சாவி வேணும். அந்த ஆளு கையாலயே வேணும். எல்லாரும் பாக்கறப்ப வேணும்."

"பூட்டை ஒடச்சிடலாம் வாடி. நான் சுத்தியல் தரேன்."

"ஒடச்சா திருட்டுப் பசங்கம்பாங்க. கொடுக்க வைக்கணும்."

அவளுக்கு வழியைத் திறந்துவிட்டதே அந்த ஆள்தான். கார்த்திகையில் சாரங்கபாணிக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். சிங்கப்பூரிலிருந்து மகன், மருமகள், மகனுடைய சிநேகிதர்கள், சம்பந்தி வீட்டார் எல்லாரும் வருகிறார்கள். வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட வேண்டாமா? எழிலுக்குப் போன் பண்ணினார். என் கடையில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? பழசெல்லாம் மறந்துடு. நானும் மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம்! என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. போனாக இருந்ததால் தப்பித்தார்.

"அறுபதாம் கல்யாணத்துக்கு உங்க மாடு வரணும். நாங்க மண்டபத்துலேர்ந்து கோயிலுக்குப் பொறப்படறப்ப வாசல்ல நின்னு வாழ்த்துச் சொல்லணும். ஆங், அந்த டிரஸ் கொடுத்தேனே, அதைக் கட்டாயம் போட்டுக்கிட்டு வாங்க."

"சரிங்கய்யா. கட்டாயம் போட்டுக்கிட்டு வரோம்" என்றாள் எழில். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க கேட்டீங்கல்லக்கா? அவரே வாசலுக்குக் கூப்பிடறாரு" என்றாள். அப்போதுதான் அவள் பல் தெரியச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

எனக்கு உடனே புரிந்தது. சாரங்கபாணி வீட்டில் மாட்டுக்கு அரிசி போடுவதெல்லாம் வேலைக்காரி. அந்த ஆள் ஒரு நாளும் வாசலில் நின்று வாழ்த்தைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. வழக்கம் தெரியாமல் வாயை விட்டுவிட்டார். ஆனால் அவர் சம்சாரம் மங்களாம்பிகை அம்மாளுக்கு எல்லாம் தெரியும். செவ்வாய்க்கிழமை அவர் துணியில் நான் கத்தரி வைக்கக் கூடாது. யாராவது தும்மினால் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர், அறுபதாம் கல்யாணத்தன்று, வாசலில் சொல்லும் வாழ்த்தைப் பாதியில் நிறுத்த விடுவாரா?

பிள்ளைகள் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்து வாழ்த்தைத் தயார் பண்ணினார்கள். ஆளுக்கு ஒரு வரி. எழில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேட்டாள். "இது நெசமா? இதுல கெட்ட வார்த்தை இருக்கா?"

"அவன் வண்டி வாய்க்கால்ல கவுரணும்" என்றது ஒரு பிள்ளை.

"அது வாழ்த்து இல்லடா. எடுத்துடு. அவரு என்ன செஞ்சாரோ அதை மட்டும் சொல்லு."

தர்ஷினி தூரத்தில் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வரியும் சொல்லவில்லை.

நீலமேகம் அண்ணன்தான் தயங்கினார். "பொம்பளப் புள்ள மாட்டுக் கயிறு புடிச்சு வாசல்ல நிக்கறது நம்ம வழக்கத்துலயே இல்லம்மா. அதுவும் மனசுல வன்மம் வெச்சுக்கிட்டு..."

"மனசுல என்ன வெச்சுக்கணும்னு வழக்கம் எதுவும் சொல்லலியேப்பா. வாயைத்தானே சொல்லுது? ஒரு கெட்ட வார்த்தை என் வாயில வராது. வந்தா அங்கயே கயிறைப் புடுங்கிக்குங்க."

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "உறுமி நான் அடிக்கிறேன்" என்றார்.

என் வேலை பாவாடை. எழில் அந்தப் பையை என் மேஜையில் கொட்டினாள். "இதையெல்லாம் பிரிச்சு மாட்டுக்குத் தைக்கணும்க்கா. அறக்கட்டளை பேரு நல்லாத் தெரியணும்." அவர்கள் மாடு சீராளனைக் கடை வாசலில் நிறுத்தி டேப் வைத்து அளவெடுத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "என்ன பேகம், மாட்டுக்கு ஜாக்கெட்டா?" என்று ஒருவன் கேட்டான். "உனக்கும் தைக்கட்டா? இடுப்பளவு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு ஆசையாக எந்தக் கல்யாண ஜாக்கெட்டும் தைத்ததில்லை. இலைகளை அடுக்கடுக்காக வைத்து, இறகைத் திமிலைச் சுற்றிக் குஞ்சம் கட்டி, பெயர் போட்ட பட்டைகளை இரண்டு விலாவிலும் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்தேன்.

சீராளனைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் திருக்கடையூர் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளும் வந்தார்கள், சீருடையில். தர்ஷினி வந்தாள், ஆனால் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கும் அந்த ஊரில் ஏகப்பட்ட அறுபதாம் கல்யாணங்கள். மாலையும் கழுத்துமாய் ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆயுள் கேட்டு வருகிற ஊர் அல்லவா.

மண்டபத்து வாசலில் நாதசுரம் முன்னால் நிற்க, சாரங்கபாணியும் மங்களாம்பிகை அம்மாளும் பட்டும் மாலையுமாய் வெளியே வந்தார்கள். பின்னால் மகன், சிங்கப்பூர் ஆட்கள், உறவுக்கூட்டம். சாரங்கபாணி சிரித்துக்கொண்டே வந்தவர், மாட்டைப் பார்த்ததும் நின்றார். சிங்கப்பூர்க்காரர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எழில் கயிற்றைப் பிடித்தாள். உறுமி உறுமியது.

"குத்தாலத்துச் சாரங்கபாணி ஐயா வாழணும்! போட்டது வெளையணும், வெளஞ்சது வீடு சேரணும்!"

மாடு தலையாட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"சிங்கப்பூர்ச் சின்னையா ராஜராஜன் வாழணும்! கடல் தாண்டி இருந்தும் எங்க புள்ளைங்களை நெனச்சாரு. கொட்டகை கட்டச் சொன்னாரு!"

மாடு ஆட்டியது. ராஜராஜன் கூச்சத்தோடு சிரித்தான்.

"அந்தக் கொட்டகையில ஐயா யூரியா மூட்டை வெச்சாரு! பூட்டு போட்டாரு, நல்ல பூட்டா போட்டாரு! அடைமழையில எங்க புள்ளைங்க நனைஞ்சுது, ஐயா மூட்டை நனையல! ஐயா மூட்டை நல்லா இருக்கணும்!"

மாடு ஆட்டியது. கை தட்டல் நின்றது. ராஜராஜன் சிரிப்பும் நின்றது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "நல்லா இருக்கணும்!" என்றார்கள்.

"எங்க பொண்ணு பேசினா, ஐயா மைக்கை வாங்கிக்கிட்டாரு! உனக்குப் பேசத் தெரியாதுன்னு எடுத்துச் சொன்னாரு! ஐயா பேச்சு நெலைக்கணும்!"

மாடு ஆட்டியது. சாரங்கபாணியின் கழுத்து மாலைக்கு மேலே சிவந்துகொண்டு வந்தது. "போதும், போதும்" என்று கையைக் காட்டினார். எழில் மாட்டின் விலாவைத் தட்டினாள்.

"மாட்டு மேல இருக்கற உடுப்பு ஐயா கொடுத்தது! ஐயா பேரு பட்டையில இருக்கு, படிச்சுப் பாருங்க! பள்ளிக்கூடம் போற எங்க பொண்ணுங்க இதைப் போட்டு ஆடணும்னு கொடுத்தாரு. பொண்ணுங்களுக்குத் தொடை வரைக்கும்தான் இருந்துச்சு. மாட்டுக்கு முழங்கால் வரைக்கும் வருது! ஐயா கொடுத்ததை வீணாக்கல! போட்டுக்கிட்டு வாங்கன்னாரு, போட்டுக்கிட்டு வந்துட்டோம்! சீராளா, உனக்குப் புடிச்சிருக்கா?"

சீராளன் ஆட்டிய ஆட்டில் இறகெல்லாம் சிலிர்த்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஏன் மறைக்க வேண்டும், வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"நிறுத்துடி!" என்று சாரங்கபாணி கத்தினார்.

"ஐயோ, நிறுத்தாதீங்க!" மங்களாம்பிகை அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு வாசல்ல வாழ்த்து பாதியில நின்னா என் தாலிக்கு ஆகாது. அவ முடிக்கட்டும். நீ சொல்லும்மா."

எழில் குனிந்து கும்பிட்டாள். "இன்னிக்கு இந்த வாசல்ல ஐயா கொடுத்தது..." என்றாள். அத்தோடு நிறுத்தினாள். உறுமியும் நின்றது. மாடு நின்றது. அவள் எதையும் கேட்கவில்லை. வாசலில் நிற்கிறவர் கேட்கக் கூடாது. நின்றாள், அவ்வளவுதான்.

சாரங்கபாணி ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை அவள் தட்டில் எறிந்தார். எழில் அதைப் பார்க்கவே இல்லை. கொடுத்ததை அவள் வாயால் சொல்லாதவரை வாழ்த்து முடியாது. தாம்பாளத்திலிருந்த பட்டு வேட்டியை எடுத்து வைத்தார். அவள் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து சாஸ்திரிகள், "நாழியாறது, முகூர்த்தம் தப்பிடும்" என்று முணுமுணுத்தார். ராஜராஜன் முன்னால் வந்தான். "அப்பா, கொட்டகை பூட்டியா கிடக்கு? சாவி எங்க?" என்றான். அந்தக் கூட்டத்தில் அவ்வளவு பேரும் சாரங்கபாணியையே பார்த்தார்கள்.

சாவிக்கொத்து மங்களாம்பிகை அம்மாள் இடுப்பில் இருந்தது. சடங்குக்குப் பட்டு உடுத்துபவர் சாவியை இடுப்பில் செருக முடியாது என்று காலையில் மனைவியிடம் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் அதை உருவி அவர் முன்னால் நீட்டினார்.

"எதுங்க அது? எனக்குத் தெரியல. நீங்களே எடுத்துக் கொடுங்க."

எடுத்தார். மாலை ஒரு பக்கம் சரிய, வியர்வை வழிய, சொந்தபந்தமெல்லாம் பார்க்க, தன் விரலால் தானே தேடி, வளையத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து எழில் நீட்டிய தட்டில் வைத்தார். அவர் கை அவள் தட்டுக்கு இறங்கி வந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். யா அல்லா, அந்த ஒரு காட்சிக்காக இன்னும் பத்து மாட்டுக்குக்கூடப் பாவாடை தைப்பேன்.

"கொட்டகைச் சாவி கொடுத்தாரு!" என்றாள் எழில். திருக்கடையூர் சன்னதித் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "எங்க புள்ளைங்க கொட்டகைச் சாவியை எங்க புள்ளைங்களுக்கே கொடுத்தாரு! ஐயா வாழணும்!"

மாடு ஆட்டியது. வாழ்த்து முடிந்தது. நோட்டையும் வேட்டியையும் அவள் மங்களாம்பிகை அம்மாள் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வண்டியில் ஏறியதும் சாவியைத் தர்ஷினி மடியில் போட்டாள். அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஊர் வந்து சேரும் வரைக்கும் கையைத் திறக்கவில்லை.

அன்றைக்கே ராஜராஜன் திடலுக்கு வந்து, மூட்டைகளை ஆள் வைத்து வெளியே இறக்கினான். திடல் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கம் பதிவு செய்து, கொட்டகையை அதற்கே எழுதி வைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். எழில்தான் சங்கத் தலைவி. மூட்டை கிடந்த நாற்றம் போகப் பிள்ளைகள் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். தர்ஷினி மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஆனால் கூட்டத்தில் கதை மட்டும் சொல்லவில்லை. எழிலும் வற்புறுத்தவில்லை.

"சாவிதான் வந்துடுச்சே, மன்னிச்சு விட்டுடலாமே" என்று கடைக்கு வந்த சிலர் எழிலிடம் சொன்னார்கள். "சாவி வந்துடுச்சுங்க. தர்ஷினி குரல் இன்னும் வரலியே" என்றாள் அவள். எனக்கும் அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது. மைக்கைப் பிடுங்கியவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா? கேட்காத மன்னிப்பைக் கொண்டுபோய் யார் வீட்டில் கொடுப்பது?

மாட்டுப் பொங்கல் வந்தது. பெரிய கொடை கொடுத்த வீட்டுக்கு வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று போய், கொடுத்ததைத் திரும்பச் சொல்லி வாழ்த்துவது அவர்கள் வழக்கம். சாவியைவிடப் பெரிய கொடை எது? சீராளனுக்கு அதே பாவாடையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் எல்லாரும் சாரங்கபாணி வீட்டுத் தெருவுக்குப் போனார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். தெருவில் எல்லா வீட்டிலும் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாரங்கபாணி உள்ளே போகப் பார்த்தார். மங்களாம்பிகை அம்மாள் விடவில்லை. மாட்டுப் பொங்கலும் அதுவுமாய் வாசலுக்கு வந்த மாட்டுக்கு முதுகைக் காட்டலாமா?

எழில் கயிற்றை எடுத்தாள். அப்போது தர்ஷினி அவள் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். எழில் கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றாள்.

அந்தப் பெண் சொன்னாள். கொட்டகை கட்டினாரு, மூட்டை வெச்சாரு, மைக்கை வாங்கிக்கிட்டாரு, உடுப்புக் கொடுத்தாரு, சாவி கொடுத்தாரு என்று ஒன்று விடாமல், ஒன்று கூட்டாமல், அந்தக் கோயில் மணித் தொண்டையில், தெருக்கோடி வரைக்கும் கேட்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் சீராளன் தலையாட்டினான். நடுவிலே ஜங்ஷன் பெரியப்பா பிறந்த கதையையும் சேர்த்துக்கொண்டாள். அன்றைக்குப் பாதியில் நின்ற ரயில் சாரங்கபாணி வாசலில் வந்து முழுசாய் நின்றது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் கேட்டார்.

கடைசியில் தர்ஷினி அவர் முகத்தை நேராகப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"ஐயா நீங்க நூறு வயசு இருக்கணும்ங்கய்யா. நோய் நொடி இல்லாம, காது நல்லா கேட்டுக்கிட்டு இருக்கணும். நாங்க வருஷா வருஷம் வருவோம்."